பாக்மதியின் எதிர்க்கரையில்

காத்மாண்டுவில் இறங்கியதும் இவர் செய்த முதல் வேலை, கைக்கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததுதான். நேபாள நேரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முந்தியது. அடுத்து பையிலிருந்து பட்டியலை எடுத்தார். முதல் இரண்டு நாள் அவர் இஷ்டம், மூன்றாம் நாள் என் இஷ்டம் என்று ஊரிலேயே பேசி வைத்திருந்தோம். என் பட்டியலில் இருந்தது பசுபதிநாதர் மட்டும்தான்.

அனுமான் தோக்கா அரண்மனைச் சதுக்கத்தில், 2015 நிலநடுக்கத்தில் விழுந்து மறுபடி எழுப்பப்பட்ட காஷ்டமண்டபத்தைப் பார்த்தோம். இந்த ஊருக்குப் பெயர் கொடுத்ததே அந்த மர மண்டபம்தான். உயிருள்ள தேவியாக ஊரே கும்பிடும் சிறுமிதான் குமாரி; அவள் வீட்டு முற்றத்தில் அண்ணாந்தபடி நின்றோம். குட்டித் தேவி ஜன்னலுக்கு வரவில்லை. குன்றின் மேல் இருக்கும் சுயம்புநாத் ஸ்தூபிக்கு 365 படி. பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது என் வாழைப்பழத்தை ஒரு குரங்கு கொண்டுபோய்விட்டது. புடாநீலகண்டத்தில் மட்டும் எனக்குக் கிளம்பவே மனம் வரவில்லை. பெயரை வைத்து சிவன் கோயில் என்று நினைத்துப் போனால், குளத்துக்கு நடுவே பாம்புப் படுக்கையில் பெருமாள்! சுமார் 5 மீட்டர் நீளம், கருங்கல், ஏழாம் நூற்றாண்டுச் சிலை. நேபாள மன்னர்கள் இங்கே வந்து தரிசிக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. "நல்லவேளை, நாம ராஜா இல்லை" என்றார் இவர்.

மூன்றாம் நாள் விடிந்தது. முதலில் குஹ்யேஸ்வரி அம்மனைப் பார்த்துவிட்டுப் பசுபதியிடம் போவது அங்குள்ள வழக்கம். அப்படியே செய்தோம்.

பசுபதிநாதர் கோயில் வாசலில் காவலர் இவருடைய இடுப்பைக் காட்டினார். தோல் பொருள் உள்ளே போகக் கூடாது. செருப்பு விட்ட கடையிலேயே பெல்ட்டையும் கழற்றி வைத்தார். அப்புறம் என்ன, ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கும்பிடு! வேட்டி கட்டிக்கொண்டு வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன், கேட்டால்தானே.

உள்ளே பொன் பூசிய பிரமாண்டமான நந்தி. இரண்டடுக்குக் கூரை, நாலு பக்கமும் வெள்ளிக் கதவுகள். லிங்கத்துக்குத் திசைக்கொரு முகம். மேல்நோக்கிய ஈசானத்தைச் சேர்த்தால் ஐந்து. பூஜை செய்பவர்கள் கர்நாடகத்திலிருந்து வரும் பட்டர்கள். இமயமலை அடிவாரத்தில் நம் பக்கத்து உச்சரிப்பில் ருத்ரம் காதில் விழுந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் ஆரத்தி பார்க்க பாக்மதி ஆற்றைக் கடந்து எதிர்க்கரைப் படிகளில் உட்கார்ந்தோம். நேர் எதிரே கோயில். கோயிலை ஒட்டினாற்போல் படித்துறையில் மூன்று சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. நான்காவதாக ஒரு அம்மாளைக் கொண்டுவந்து, சாய்வான கல்லில் கிடத்தி, பாதங்களைப் பாக்மதி நீரில் நனைத்தார்கள். வெள்ளைத் துணி சுற்றிய மகன் குனிந்து நின்றான். எங்கள் பக்கம் விளக்கேற்றி, சங்கு ஊதி, பஜனையும் ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு குழந்தை சோளம் கொறித்துக்கொண்டே கை தட்டியது.

எங்கள் தெருவில் ஒரு சாவு என்றால் அதை எடுக்கும்வரை கோயில் நடை சாத்தியிருக்கும். எனக்கோ முதலில் உடம்பு கூசியது. சுடலையில் ஆடுகிறவன் என்று சின்ன வயதிலிருந்து வாயால் சொல்லி வந்திருக்கிறேன். அவன் வீட்டுப் பக்கத்திலேயே சுடலை இருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. காற்று திரும்பியபோது சாம்பல் எங்கள் மேலும் விழுந்தது. இவர் தட்டிவிடவில்லை. "அம்மாவைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு இந்த மாதிரி பாட்டு ஒண்ணு இருந்திருக்கலாம்" என்றார். மாமியார் போய் பதினொரு வருடமாகிறது. அன்றைக்குப் பிறகு அவர் வாயால் அந்தப் பேச்சு வந்து நான் கேட்டதில்லை.

அறைக்குத் திரும்பியதும் பழக்கத்தில் தலைக்குக் குளிக்கத் துண்டை எடுத்தேன்.

"குளிக்கணுமா?" என்றார்.

துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, அவருக்குச் சாப்பாடு சொல்லக் கீழே இறங்கினேன்.