பழைய ஆப்டிபிளெக்ஸில் விண்டோஸ் 11: எந்தத் தடை விலகும், எது விலகாது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்த வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம். அலுவலகங்கள் கழித்துவிட்ட, இன்று செகண்ட் ஹேண்ட் கடைகளில் வரிசையாக நிற்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மாதிரியான டெஸ்க்டாப்கள் அதனால் குப்பை ஆகிவிடவில்லை. நான்காம் தலைமுறை ஐ5-4590, 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி: கணக்கு வேலை, பிரவுசர், வீடியோ எல்லாவற்றுக்கும் இது இன்னும் தாராளம். ஆனால் விண்டோஸ் 11 இன்ஸ்டாலர் இதைப் பார்த்ததும் முடியாது என்று சொல்லிவிடும்.

சொல்லும் காரணங்கள் மூன்று. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய புராசஸர்கள் அநேகமாக எதுவும் பட்டியலில் இல்லை. டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் 2.0 பதிப்பு வேண்டும், 9020-இல் இருப்பது 1.2. நம்பகமான நிரலை மட்டுமே பூட் ஆக விடும் செக்யூர் பூட் வசதி வேண்டும். பல கணினிகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். இவை இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் நடக்கும் சோதனைகள். தாண்டிவிட்டால் விண்டோஸ் தன் பாட்டுக்கு ஓடும்.

விலக்கவே முடியாத தடை வேறு. விண்டோஸ் 11-இன் 24H2 பதிப்பிலிருந்து விண்டோஸின் உட்கருவே எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் என்ற புராசஸர் கட்டளைகளை நம்பி இயங்குகிறது. அவை இல்லாத புராசஸரில் கணினி பூட் ஆகவே ஆகாது. எந்த டூலும் உதவாது. கோர் 2 டுவோ, கோர் 2 குவாட், அந்தக் காலத்து பென்டியம் டூயல் கோர் எல்லாம் இந்த வகை. முதல் தலைமுறை ஐ3, ஐ5, ஐ7-இலிருந்து பிரச்சினை இல்லை. ஏஎம்டியில் ஃபினாம் 2 தேறாது, 2011-இல் வந்த புல்டோசர் தேறும். சந்தேகம் இருந்தால் சிபியு-இசட் நிரலில் 'இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' வரியைப் பாருங்கள். எஸ்எஸ்இ4.2 அங்கே இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதுதான் சரி. விண்டோஸ் 11-இன் பழைய பதிப்பைத் தேடி அலைய வேண்டாம், 23H2-இன் ஹோம், புரோ பதிப்புகளுக்கான ஆதரவு 2025 நவம்பரிலேயே போய்விட்டது.

சாஃப்ட்வேருக்கு முன் பெட்டியைத் திறக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 11 போடுவது வீண். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள், 256 ஜிபி போதும். இன்னும் வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்கி அடாப்டரில் செருகலாமே என்று தோன்றும். 9020-இன் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) அதிலிருந்து பூட் செய்யும் என்று நம்ப முடியாது. ரேம் டிடிஆர்3 1600. ஒரே 8 ஜிபியைவிட இரண்டு 4 ஜிபி நல்லது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதபோது ரேமையே திரைக்கும் பகிர்வதால், இரட்டைச் சேனலின் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

திறந்த கையோடு மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பத்து வருடப் பேட்டரி செத்திருந்தால், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பும். தேதி தப்பானால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாததாகத் தெரியும், அப்டேட்டும் பிரவுசரும் எர்ரர் காட்டும். பயாஸ் அமைப்பும் பழையபடி மாறி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி ஒரு நாள் காலையில் 'பூட் செய்ய டிஸ்க் இல்லை' என்று நிற்கலாம். இதைப் பலர் விண்டோஸ் கோளாறு என்று நினைத்து மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள்.

கணினியை ஆன் செய்ததும் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். பூட் சீக்வென்ஸில் லெகஸி என்ற பழைய பூட் முறையை விட்டு யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையைத் தேர்வு செய்யுங்கள். லெகஸி ஆப்ஷன் ரோம் என்பதை நீக்கினால்தான் செக்யூர் பூட்டை இயக்க முடியும். பழைய கிராஃபிக்ஸ் கார்டு செருகியிருந்தால் இங்கே கவனம்: யூஇஎஃப்ஐ அறியாத கார்டு என்றால் திரை கறுப்பாகவே இருக்கும். அப்போது கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் விஜிஏ அல்லது டிஸ்ப்ளேபோர்ட்டில் கேபிளைப் போடுங்கள். டிஸ்க் இயங்கும் முறையைச் சொல்லும் சாட்டா ஆப்பரேஷன் 'ரெய்டு ஆன்' என்று இருந்தால் புது இன்ஸ்டாலுக்கு ஏஹெச்சிஐ ஆக்கலாம். ஏற்கெனவே உள்ள விண்டோஸ் 10-இன் மேலேயே ஏற்றப்போகிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள், நீலத்திரை வரும்.

இனித் தேவையானவை: 8 ஜிபி பென்டிரைவ், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ ஃபைல், அதைப் பென்டிரைவில் ஏற்றும் ரூஃபஸ் நிரலின் 4.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யூஇஎஃப்ஐ. ஸ்டார்ட் கொடுத்ததும் ஒரு சிறு பெட்டி வரும். அதில் முதல் வரியே டிபிஎம், செக்யூர் பூட், 4 ஜிபி ரேம் சோதனைகளை நீக்குவது. அதை டிக் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டாம் என்றால் அடுத்த வரியையும் டிக் செய்து, இன்ஸ்டால் முடியும்வரை லேன் கேபிளைச் செருகாமல் இருங்கள். வேறு வழியில் செய்த பென்டிரைவ் கையில் இருந்தால், முதல் திரையில் ஷிஃப்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தி ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, HKEY_LOCAL_MACHINE\SYSTEM\Setup கீயின் கீழ் லேப்கான்ஃபிக் (LabConfig) என்ற கீயை உண்டாக்கி, அதில் பைபாஸ்டிபிஎம்செக் (BypassTPMCheck), பைபாஸ்செக்யூர்பூட்செக் (BypassSecureBootCheck) என்ற டிவேர்டு (DWORD) மதிப்புகளை உண்டாக்கி 1 கொடுக்கலாம். பலனில் வித்தியாசம் இல்லை, கைவேலைதான் கூடுதல்.

பென்டிரைவைச் செருகி எஃப்12 அழுத்தி, யூஇஎஃப்ஐ தலைப்பின் கீழ் வரும் பெயரைத் தேர்வு செய்யுங்கள். வேறு ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலிலேயே அதன் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பூட் பார்ட்டிஷன் அந்த டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளக்கூடும், நாளை அதைக் கழற்றினால் விண்டோஸ் எழாது. டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருப்பதால் இன்ஸ்டால் ஆகாது என்று செய்தி வந்தால், பேக்கப் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு அந்த டிஸ்க்கின் எல்லா பார்ட்டிஷனையும் அழித்து, வெற்று இடத்தைத் தேர்வு செய்து தொடரலாம். சீரியல் கீ கேட்டால் 'என்னிடம் இல்லை' என்பதை அழுத்துங்கள். இதே மதர்போர்டில் விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகியிருந்தால், அதே ஹோம் அல்லது புரோ பதிப்பைப் போட்டால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

நெட்வொர்க் உடனே வேலை செய்யும். திரை மங்கலாக, பெரிதாகத் தெரிந்தால் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள், புராசஸரிலேயே உள்ள ஹெச்டி 4600 கிராஃபிக்ஸுக்கான டிரைவர் அதிலேயே வரும். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில், தீய நிரல்கள் விண்டோஸின் உட்கருவில் புகாமல் தடுக்கும் 'மெமரி இன்டக்ரிட்டி' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கான வன்பொருள் உதவி இன்டெல்லில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. நான்காம் தலைமுறையில் அதை இயக்கினால் வேகம் குறையும். பாதுகாப்பில் ஒரு படி இறங்குகிறோம் என்பதைத் தெரிந்தே செய்ய வேண்டிய தேர்வு இது. வேலோரன்ட் என்ற ஆன்லைன் கேம் விளையாடுபவர்கள் இந்தக் கணினியை நம்ப வேண்டாம், விண்டோஸ் 11-இல் அது டிபிஎம் 2.0 கேட்கும்.

மாதாந்திர அப்டேட்கள் நடைமுறையில் வந்துகொண்டுதான் இருக்கின்றன, மைக்ரோசாஃப்ட் அதற்கு உத்தரவாதம் தரவில்லை என்றாலும். வருடாந்திரப் பதிப்புதான் தானாக வராது. 24H2 ஹோம், புரோ பதிப்புகளுக்கு 2026 அக்டோபர் 13 கடைசி. அதனால் இன்று போடுபவர்கள் 25H2 ஐஎஸ்ஓவையே எடுத்தால் 2027 அக்டோபர் வரை கவலையில்லை. அடுத்த பதிப்புக்கு மறுபடி ரூஃபஸ் பென்டிரைவ் செய்து, பூட் செய்யாமல், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் செட்டப் ஃபைலை இயக்குங்கள். ஃபைல்களும் நிரல்களும் அப்படியே இருக்கும். ஏதாவது சரியில்லை என்றால் ரிக்கவரி பக்கத்திலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்ப 10 நாள் இருக்கிறது. அதற்குள் டிஸ்க் கிளீனப் ஓட்டி பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.