தலைமாட்டில் ஓர் அடை

ஜூன் 3, செவ்வாய்
ரிப்போர்ட் வர 7 நாள் ஆகுமாம். அம்மா இன்றைக்கு அரை இட்லி.

ஜூன் 4, புதன்
மூன்று பேர் பார்க்க வந்தார்கள், ஆளுக்கொரு வசனத்தோடு. மூன்றாமவர் சங்கீதம் 91ஐ முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். வேதத்தில் எல்லாம் இழந்து உட்கார்ந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதரும் மூன்று பேர்தான். 7 நாள் ராப்பகலாக வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரைக்கும் நல்லவர்கள்.

ராத்திரி அம்மா, "போதும்ட்டி" என்றாள்.

ஜூன் 5, வியாழன்
தூக்கமில்லை. அந்தப் "போதும்" 1 இராஜாக்கள் 19:4. "போதும் கர்த்தாவே." சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசி.

ஞாயிறு பள்ளியில் கர்மேல் மலையில் எலியாவின் ஜெபத்துக்கு இறங்கின அக்கினியை ஆசையாகச் சொல்வார்கள். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தை மட்டும் வேகமாகத் தாண்டி, கர்த்தர் பேசுகிற மெல்லிய சத்தத்துக்குப் போய்விடுவார்கள். இன்றைக்கு வசனம் வசனமாக நோட்டில் எழுதிப் பார்த்தேன். சாகவேண்டும் என்கிறவனுக்குத் தூதன் புத்தி சொல்லவில்லை. கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு." அவ்வளவுதான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். தின்றுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறான். அதற்கும் ஏச்சு இல்லை. இரண்டாந்தரமும் வந்து அதையே சொல்கிறான். பிரயாணம் வெகுதூரம் என்பது மட்டும் கூடுதல். கர்த்தர் கேள்வி கேட்பதெல்லாம் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

நானோ காலையில்தான் கேட்டேன், "ஒனக்கு விசுவாசமே இல்லையாம்மா?"

ஜூன் 6, வெள்ளி
எலியா படுத்த அந்தச் சூரைச்செடி மண்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நம்ம ஊர்ச் சூரை முள்ளுப்புதர். பழம் பறிக்கப் போய்க் கையெல்லாம் கீறிக்கொண்டு வந்திருக்கிறோம், அதன் கீழ் எவன் படுப்பான்? எபிரெயத்தில் ரோதெம் என்று இருக்கிறது. வனாந்தரத்துச் செடி, வெள்ளைப் பூ, பேருக்குத்தான் இலை. நிழலும் அந்த அளவுதான் இருந்திருக்கும். சங்கீதம் 120:4இல் அதே செடியை எரித்த தழல் வருகிறது. அடை சுட்டதும் அந்த விறகில்தானோ? வசனத்தில் இல்லை. நானாக நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா: கஞ்சி, நாலு கரண்டி.

ஜூன் 7, சனி
அடை சுட்டேன். வயிற்றுக்கு ஆகாது என்று மைனி தடுத்தாள். மெல்லிசாக ஒன்றே ஒன்று. அதிலும் ஓரம் கருகிவிட்டது. தலைமாட்டில் தட்டையும் தண்ணீர்ச் செம்பையும் வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். "சாப்பிடும்மா" என்று சொல்லாமல் வர எவ்வளவு பாடு! அரைமணி கழித்து எட்டிப் பார்த்தால், கருகாத பக்கமாகப் பார்த்து ஒரு துண்டு பிய்த்திருந்தாள்.

ஜூன் 8
பெந்தெகொஸ்தே ஞாயிறு. கோயிலுக்குப் போகவில்லை. மணிச்சத்தம் கேட்டது.

ஜூன் 9, திங்கள்
அதே அதிகாரம், 9ஆம் வசனத்திலும் 13ஆம் வசனத்திலும் கர்த்தருடைய ஒரே கேள்வி: "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்." 10, 14இல் எலியாவின் பதிலும் ஒன்றேதான். இடையில் பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, மெல்லிய சத்தம் எல்லாம் வந்து போயாயிற்று, நான் ஒருவன்தான் மீதி என்கிற புலம்பல் மாறவில்லை. கர்த்தர் அதோடு மல்லுக்கு நிற்காமல் தமஸ்கு வழியாகப் போ என்று வேலையைக் கொடுக்கிறார். மீதி 7,000 பேர் இருக்கிற விஷயம் கடைசியில்தான் வருகிறது.

அம்மாவும் அதே பதில்தான். "போதும்ட்டி." நான் கத்திவிட்டேன். நோட்டு மேசைமேல் திறந்தே கிடந்தது.

ஜூன் 10, காலை 6 மணி
அம்மா தானாக எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாள். சீனி கூடப் போடணுமாம். ரிப்போர்ட் 11 மணிக்கு.