அம்பு பட்ட மானைத் தேடுவது

அம்பு பட்டவுடன் மானுக்குப் பின்னால் ஓடக்கூடாது. நியூயோர்க்கில் அனுமதிப்பத்திரத்தோடு வில்லில் வேட்டையாடும் அண்ணா வெள்ளவத்தைக்கு வந்திருந்தபோது சொன்னதில் மனதில் நின்றது இதுதான்.

முதலில் அம்பைத்தான் எடுத்துப் பார்ப்பாராம். இளஞ்சிவப்பாய், நுரை நுரையாய் இரத்தம் என்றால் நுரையீரல். 30 நிமிடம் பொறுத்தால் சரி. கருஞ்சிவப்பு என்றால் ஈரல். குறைந்தது 4 மணித்தியாலம். பச்சைக் கசடு ஒட்டி நாறினால் குடல். 8 முதல் 12 மணித்தியாலம் அந்தப் பக்கமே போகக்கூடாது. துரத்தாவிட்டால் கிட்டவே எங்காவது படுத்துவிடும். துரத்தினால் இரத்தம் சொட்டாமலே வெகுதூரம் போய் வீணாய்ச் செத்துக் கிடக்கும், பாவம்.

கடைசியாக இரத்தம் கண்ட இடத்தில் ஒரு ரிசுக் கடதாசித் துண்டை வைத்துவிட்டு, தடத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து அடுத்த சொட்டைத் தேட வேண்டும். புல்லில், செடியில் உரசிய கறையையும் விடக்கூடாது. அதுவும் தப்பினால், அனுமதி பெற்ற ஆட்கள் கயிற்றில் பிடித்த நாயோடு வருவார்கள்.

இங்கே இலங்கையில் மான் வேட்டை சட்டவிரோதம். அப்படியே இருக்கட்டும். ஆனால் கம்பியில் தட்டுப்பட்டால் தானாகவே வெடிக்கும் கட்டுத்துவக்கில் காயப்பட்டுத் தப்பிப் போகும் மானை, அதை வைத்தவன் இப்படி நின்று தேடுவானா? கொழும்பில் யாராவது மான் இறைச்சி இருக்கிறது என்று சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள்.