வேலி பின்னுக்குப் போன வருடம்

எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரக் காசு சேர்ப்பதென்று சங்கக் கூட்டத்தில் முடிவெடுத்தது எனக்கு நல்ல சந்தோசம். மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று செயலாளர் கேட்டதும், 1993இல் நாங்கள் அதே குளத்தை எப்படி வெட்டினோம் என்பதைத்தான் எழுதவேண்டும் என்று பட்டது. அப்போது ஒருவரிடமும் காசு இருக்கவில்லை.

இங்கே வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் நிற்கும் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கும், கிணற்றில் நாங்கள் அள்ளுவது அதைத்தான். நிலாவரை ஆழ்கிணற்றுக்குச் சுற்றுலா போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும், மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. குளம் நிறைந்தால் சுற்றுவட்டக் கிணறெல்லாம் ஊறும். குளம் தூர்ந்துபோனால் மழைவெள்ளம் நேரே கடலுக்குத்தான்.

1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை வந்தது, வீட்டுக்கு வீடு தண்ணீர் இறைக்கும் மிசின் வாங்கி இராப்பகலாக இறைத்தோம், குளத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் 1990 ஆனியில் அரசுக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கி, மின்சாரம் போய், பொருளாதாரத் தடை வந்து, மண்ணெண்ணெய் யானை விலை விற்றபோது மிசின்கள் மூலைக்குப் போயின, கையால் இறைக்கிற துலா திரும்பி வந்தது. ஆனால் கடல்நீரேரிப் பக்கத்துக் கிணறுகள் அதற்குள் உவராகிவிட்டன.

குளத்தைப் பற்றிக் கதைக்கக் கூட்டம் வைப்போம் என்றபோது பெரியவர்கள் கோயில் வீதியைத்தான் சொன்னார்கள். எங்கள் பள்ளிக்கூட அதிபர் சம்மதிக்கவில்லை. "கோயில் வீதியில வைச்சா ஊரில பாதிப்பேர் எட்டத்தில நிண்டுதான் கேப்பினம். பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ" என்றார். ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கோயிலுக்குள் விடச்சொல்லி மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். அதற்கு இருபத்தைந்து வருடம் கழித்தும் எங்கள் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த பெடியன்களின் அப்பாமார் ஒரே கிணற்றில் அள்ள முடியாத நிலைதான். அன்றைக்கு அந்த அப்பாமார் எங்கள் மண்டபத்தில், எங்கள் வாங்குகளில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். அந்த அதிபரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை கூப்பத் தோன்றும்.

மண் வெட்டுவதற்கு ஆள் சேர்ந்துவிட்டது, வீட்டுக்கு ஒருவர் என்று. வில்லங்கம் வாய்க்காலில் இருந்தது. குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் இரண்டு பக்கமும் வேலி நெருங்கி நெருங்கி ஓர் ஆள் நடக்கிற ஒழுங்கையாகிவிட்டிருந்தது. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியால், அதுதான் வேலிக்கு நடும் உயிர்த்தடி, ஒரு சாண் முன்னுக்கு வந்திருக்கும், எங்கள் ஊர் வேலிகள் வேறெப்படி! ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டால் ஒரே பதில்தான்: "பக்கத்துக் காணிக்காரன் எடுக்கட்டும், நானும் எடுக்கிறன்." மாதர் சங்கத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய், அடுப்படியில் இருந்து கதைத்து, ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யாரும் முதல் ஆளாக எடுக்கத் தேவையில்லை, எல்லோரும் ஒரே நாள் காலையில் எடுப்பது.

அந்தக் காலையை நான் மறக்கமாட்டேன். புவியியல் மாஸ்ரர் அளவுநாடாவோடு முன்னுக்குப் போக, ஏ.எல். வகுப்புப் பெடியள் நாங்கள் கயிறு பிடித்தோம். கயிறு போன இடமெல்லாம் அலவாங்கால் கிளப்பிய கிளுவைக் கதியால்களை வேரோடு எடுத்துப் பின்னுக்கு நட்டார்கள். மாரி தொடங்க அவை துளிர்த்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். சண்டை வரும் என்று பயந்தோம், ஒரு சொல் பிசகவில்லை.

குளத்துக்குள் விடியப்புறமே இறங்கிவிடுவோம், குண்டு போட வரும் விமானச் சத்தம் கேட்டால் கரையிலிருந்த பூவரசுகளுக்குக் கீழே ஓடுவோம். வண்டல் ஓலைக் கடகத்தில் கைமாறிக் கைமாறி மேலே வரும். வண்டில் தந்தவர்களின் வயலுக்கு அந்த மண் போனது, அது நல்ல பசளை. பத்து மணிக்கு ஒரே பெரிய கிடாரத்திலிருந்து எல்லோருக்கும் முருங்கையிலைக் கஞ்சி, சீனி கிடையாதபடியால் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி.

அடுத்த இரண்டு மாரியும் குளம் நிரம்பி வழிந்தது. 1995 ஐப்பசி 30ஆம் தேதி இரவு இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதுமே இடம்பெயர்ந்து கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அந்தக் குளத்தையும் விட்டுவிட்டுத்தான் போனோம்.

இப்போது சங்கம் காசு அனுப்பினால் இயந்திரம் வந்து சில நாளில் மண்ணை அள்ளிவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வாய்க்காலோரம் இன்றைக்கு இருப்பது கிளுவை வேலி இல்லை, சீமெந்து மதில். அதை நகர்த்த ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து நாங்கள் சொல்லி நடக்காது, ஊரே இருந்து கதைத்தால்தான் உண்டு. அதனால் செயற்குழுவிடம் என் வேண்டுகோள் இதுதான். காசை ஒரே தவணையில் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்க வேண்டாம். முதலில் பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க்கூட்டம் வைக்கட்டும், வாய்க்கால் எங்கே எவ்வளவு அகலத்தில் போகும் என்று காணிக்காரர்கள் எல்லோரும் கையெழுத்து வைக்கட்டும், அதன் பிறகு இயந்திரத்துக்கு அனுப்புவோம். வருகிற ஆகஸ்ட்டில் நான் ஊருக்குப் போகிறேன். அந்தக் கூட்டத்துக்கு யார் யார் வருகிறீர்கள் என்று செயலாளரிடம் சொல்லி வையுங்கோ.