குளிர்காலையில் மட்டும் எரிந்த செக் என்ஜின் லைட்: 121 கொரோலா, பி0171

என் டொயோட்டா கொரோலாவில் இந்த லைட் எரிவதன் காரணத்தை ஒருவழியாகப் பிடித்துவிட்டேன். இன்டேக் மெனிஃபோல்ட் (என்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) கேஸ்கட்தான். விடிகாலையில், என்ஜின் சில்லென்று கிடக்கும்போது உள்ளே புகை ஊதிப் பார்த்ததில், மெனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தின் கீழ்ப்பக்கத்தில் நூல் போல வெண்புகை கிளம்பியதைக் கண்ணால் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி ஜப்பான் ரிகண்டிஷன் 121, 1என்இசட் என்ஜின். கோட் பி0171, அதாவது லீன்: கலவையில் காற்றுக்குப் பெற்றோல் போதவில்லை என்பது. கூட வேறெதுவும் இல்லை. டிசம்பர் பிறந்து நுவரெலியாவில் பனி விழத் தொடங்கினால் லைட் எரியும். றம்பொடை வழியாக இறங்கிக் கண்டிப் பக்கம் சில நாள் ஓடினால் தானாக அணைந்துவிடும். அங்கே கராஜில் காட்டினால் எல்லாம் சரி என்பார்கள். ஒருவர் ஒக்சிஜன் சென்சரை மாற்றச் சொன்னார். இங்கே எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாஸோ, "மலையில காத்து கொறைவு தம்பி, அதுக்குத்தான் எரியுது" என்றார்.

இந்த மலைக்காற்றுக் கதையை நான் ஒத்துக்கொள்வதில்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் இங்கே 81 அளவில்தான் நிற்கும். ஆனால் காற்று குறைந்தால் கலவையில் பெற்றோல்தான் மிஞ்சும், குறையாது. பழைய கார்புரேட்டர் வண்டிகள் இங்கே ஏறியதும் கரும்புகை கக்குவது அதனால்தான். 1என்இசட்டில் ஏர்ஃப்ளோ சென்சர் காற்றின் எடையையே அளக்கிறது, உயரம் அதற்குப் பொருட்டே இல்லை. லீன் கோட் வந்தால் அளக்கப்படாத காற்று எங்கோ உள்ளே போகிறது, அல்லது பெற்றோல் போதவில்லை.

லைட் தானாக அணைவதற்கும் காரணம் உண்டு. பி0171 அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் பிடிபட்டால்தான் லைட் எரியும். தொடர்ந்து மூன்று ஓட்டம் பிழையில்லாமல் போனால் அணையும். கண்டி வெயிலில் மூன்று ஓட்டம் முடிய எவ்வளவு நேரமாகும்? அதனால் லைட்டைப் பார்த்துக்கொண்டிருக்காமல் பென்டிங் கோட்டை (லைட் எரியுமுன்பே பதியும் தற்காலிகக் கோட்) ஸ்கேனரில் பாருங்கள். முதல் காலையிலேயே அங்கே பதிந்திருக்கும்.

எனக்கு வழி காட்டியது ஃப்ரீஸ் ஃப்ரேம். கராஜ்களில் ஸ்கேனரை மாட்டியதும் முதல் வேலையாக கோட்டை அழிக்கிறார்களே, அப்போது அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல். கோட் பதிந்த நொடியில் வண்டி இருந்த நிலை முழுவதும் அதில்தானே இருக்கிறது! மலிவான புளூடூத் டொங்கிள் இந்த ஜப்பான் ஈசியுவோடு (என்ஜினை நடத்தும் கணினி) பேசவே இல்லை. மினி விசிஐ கேபிளும் டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் மென்பொருளும்தான் கைகொடுத்தன. 64 பிட் விண்டோஸில் அதன் டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், பழைய 32 பிட் லெப்டொப் ஒன்று இருந்தால் தூசு தட்டி எடுங்கள். ஃப்ரேமில் இருந்தது இதுதான்: கூலன்ட் 46 பாகை, உள்ளே வரும் காற்று 9 பாகை, ஐட்லிங். குளிர் என்ஜின் என்பது அங்கேயே எழுதியிருந்தது.

அப்புறம் ஃப்யூவல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிசெய்ய ஈசியு பெற்றோலை எத்தனை வீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. காலையில் ஸ்டார்ட் செய்து குளோஸ்ட் லூப் வந்ததும் (ஒக்சிஜன் சென்சரைப் பார்த்து ஈசியு திருத்தத் தொடங்கும் நிலை) ஷோர்ட், லோங் இரண்டையும் கூட்டினால் +30ஐ ஒட்டி நின்றது. 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் +10க்கு இறங்கியது. பெற்றோல் பம்போ ஃபில்டரோ பிழையென்றால் ஏற்றும்போது கூடவேண்டும். இது குறைந்ததால் வெக்யூம் கசிவு, அதாவது அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது என்று முடிவாயிற்று. என்ஜின் சூடானதும் +4, +5. இந்த வித்தியாசம்தான் கண்டியில் யாருக்கும் தெரியாமல் போனது.

கசிவு எங்கே என்று பார்க்க கார்ப் கிளீனர் அடித்துப் பார்த்தேன். ஈசியு ஐட்லைத் தானே சமாளிப்பதால் காதுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, ஷோர்ட் ட்ரிம் மட்டும் சட்டென்று கீழே விழுந்தது. ஆனால் ஸ்ப்ரே எல்லாப் பக்கமும் பரவுவதால் இடம் தெளிவாகவில்லை. அதனால் மெனிஃபோல்டுக்குள் புகை ஊதி, அது எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கப் புகை டின் ஒன்று செய்தேன்.

அழுத்தி மூடும் மூடியுள்ள பால்மா டின். டொல்ஃபின் வேன் குளோ பிளக் (டீசல் என்ஜினைச் சூடாக்கும் பிளக்) ஒன்றைப் பக்கவாட்டில் நட் போட்டு இறுக்கினேன். 6 வோல்ட் வகையும் கடைகளில் கிடக்கிறது, அதை நேரே பெட்டரியில் கொடுத்தால் எரிந்து போகும், கேட்டு வாங்குங்கள். டின்னுக்குள் பேபி ஒயில், பிளக்கின் நுனியைத் தொடும் அளவுக்கு இருந்தால் போதும். பிளக்கில் சுற்றும் திரிக்குப் பருத்தி சரிவரவில்லை, உடனே கருகியது. சைலன்சரில் சுற்றும் கண்ணாடி நார்ப் பட்டியில் ஒரு துண்டைச் சுற்றினேன், இன்றுவரை அப்படியே இருக்கிறது. பிளக்கைப் பத்து, பதினைந்து விநாடி மட்டும் சூடாக்கி விட்டுவிட வேண்டும்.

காற்றுக்கு மீன்தொட்டிப் பம்ப். இது முக்கியம். டயர் பம்ப் தரும் அழுத்தம் நல்ல சீலையும் கிளப்பிவிடும், இங்கே தேவை மெல்லிய ஊதல்தான். பிரேக் பூஸ்டர் ஹோஸைக் கழற்றி, மெனிஃபோல்ட் நிப்பிளில் புகைக் குழாயைச் செருகினேன். காற்று உள்ளே வரும் பெரிய குழாயின் வாயில் ரப்பர் கையுறையை இழுத்துக் கட்டினேன். வால்வ் கவரிலிருந்து வரும் பிரீதர் ஹோஸை நசுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் டிப்ஸ்டிக் ஓட்டையால் புகை வந்து ஏமாற்றும். சைலன்சரால் கொஞ்சம் வந்தால் பயப்பட வேண்டாம், திறந்திருக்கும் வால்வ்களின் வழியாகப் போவதுதான்.

இரவு முழுக்க வெளியில் பனியில் நின்ற வண்டியில் புகை வந்தது. அதே வண்டியை ஓட்டிச் சூடாக்கித் திரும்ப ஊதினால் ஒரு பொட்டுப் புகை இல்லை. ரப்பர் வருஷக்கணக்கில் வெந்து இறுகிவிட்டது. குளிரில் சுருங்கும்போது இடைவெளி விடுகிறது, சூட்டில் பிளாஸ்டிக் மெனிஃபோல்ட் விரிந்து அடைத்துவிடுகிறது.

புதுக் கேஸ்கட் பஞ்சிகாவத்தையிலிருந்து (கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தை) வந்துவிட்டது. அங்கே கழற்றிய மெனிஃபோல்டோடு சேர்த்துப் பழைய கேஸ்கட்டும் தருவார்கள், அதுவும் இதேபோல இறுகியதுதான், வாங்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறக்கும் வரை, இந்த 121களை எல்லாரும் பொத்திப் பொத்தித்தான் ஓட்டினோம். சின்ன ரப்பர் சாமான்களுக்குக் கிராக்கி இன்னும் குறையவில்லை. த்ரொட்டில் பொடி கேஸ்கட்டையும் சேர்த்து எடுத்தேன், எப்படியும் அதைக் கழற்றத்தானே வேண்டும்.

இன்னும் மாட்டவில்லை. வண்டி நிற்பது திறந்தவெளி, மழை விட வேண்டும். த்ரொட்டில் பொடிக்குப் போகும் கூலன்ட் ஹோஸ் இரண்டும் தொட்டால் உடையும் போல இருப்பதால் அவற்றுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த போயா (பௌர்ணமி) லீவில் இறங்க எண்ணம். அடுத்த மாதம் வாகனத்தின் சைலன்சர் புகைப் பரிசோதனை வேறு இருக்கிறது. அங்கே ஓபிடியை (ஈசியுவில் பதியும் கோட்களை) பார்ப்பதில்லை, ஐட்லிலும் 2500இலும் வாயுவைத்தான் அளக்கிறார்கள், ஆனாலும் இந்த ட்ரிம்மோடு கொண்டுபோக மனம் வரவில்லை. இதற்கிடையில் பண்டாரவளையில் மச்சானுடைய விட்ஸும் காலையில் லைட் காட்டுகிறதாம். அதே 1என்இசட். பனி முடியுமுன் டின்னைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், இரவே அங்கே தங்கினால்தான் விடிகாலையில் ஊதிப் பார்க்கலாம்.