ஒரு ஷில்லிங் பெற்ற மகள்

என் கணவரின் முன்னோர் இங்கிலாந்தின் டெவன் பகுதி விவசாயிகள். 1766இல் இறந்த ஒரு பெரியவர் மூத்த மகளுக்கு உயிலில் ஒரே ஒரு ஷில்லிங், அதாவது பவுணில் இருபதில் ஒரு பங்கு, எழுதிவைத்தார் என்று வீட்டில் ஒரு கதை உண்டு. அவருக்குப் பிடிக்காத இடத்தில் அவள் கல்யாணம் செய்துகொண்டாளாம். "அது உண்மையா என்று பார்த்துச் சொல்லேன்" என்று மாமி கேட்டார்.

முதலில் நம்பிக்கையே போய்விட்டது. டெவன் உயில்களில் பெரும்பகுதி எக்ஸிட்டரில் இருந்தது. 1942 குண்டுவீச்சில் எரிந்துபோனது. ஆனால் பெரியவருக்குப் பக்கத்து சாமர்செட்டிலும் ஆடுமாடுகள் இருந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் உயில்களைப் பார்த்தது தேவாலய நீதிமன்றங்கள்; 5 பவுணுக்கு மேல் பெறுமதியான பொருள் இரண்டு மறைமாவட்டங்களில் இருந்தால், உயில் லண்டனில் இருந்த கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்துக்குப் போகும். அந்த நீதிமன்றப் பதிவுகள் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 'ப்ராப் 11' என்ற வரிசையில் இருக்கின்றன. இறந்த ஆண்டையும் ஊரையும் கொடுத்துத் தேடினேன். கிடைத்துவிட்டது!

வாசிக்க மூன்று இரவுகள் பிடித்தன. எழுத்தரின் கை அழகானதுதான், ஆனால் முற்றுப்புள்ளி, காற்புள்ளி எதுவும் இல்லை. 'எஸ்' எழுத்து பாதி இடங்களில் 'எஃப்' போல நிற்கிறது. பண்ணை மூத்த மகனுக்கு. இளையவனுக்கு 200 பவுண். கல்யாணமாகாத சின்ன மகளுக்கு 150. மனைவிக்கு, விதவையாக இருக்கும்வரை மாடியில் ஒரு அறை, இறகு மெத்தைக் கட்டில், அடுப்புக்கு விறகு, தினமும் பால். இந்தப் பால் வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மகன் வீட்டில் அம்மா பாலுக்குக் கையேந்தக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

அப்புறம் அந்த ஒரு ஷில்லிங். கதை உண்மைதான்.

ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் யாழ்ப்பாணத்துக்காரி. 1707இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுதிவைத்த எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே, சீதனம் வாங்கிப் போன பெண் அதோடு திருப்திப்பட வேண்டும், மிச்சம் ஆண்பிள்ளைகளுக்கு என்று இருக்கிறது. அம்மம்மாவுக்கும் முதுசக் காணியில், அதாவது பரம்பரை நிலத்தில், பங்கு வரவில்லை. அதை யாரும் கோபம் என்று சொன்னதில்லை. இவளுக்கும் முன்பே ஏதாவது கொடுத்திருப்பார்களோ?

டான்டனில் உள்ள சாமர்செட் ஆவண நிலையத்தில், மாப்பிள்ளை வீட்டார் பத்திரங்களுக்குள் அவளுடைய கல்யாண ஒப்பந்தம் இருந்தது. தேதி பெப்ரவரி 1749. தேவாலயப் பதிவிலோ கல்யாணம் ஏப்ரல் 1750. ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளியா என்று குழம்பினேன். 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஆகவே அந்த பெப்ரவரி நம் கணக்கில் 1750. இடையில் இரண்டே மாதம்தான். ஒப்பந்தத்தில் அப்பா கொடுத்த தொகை 150 பவுண், தங்கைக்கு எழுதிய அதே தொகை.

பிள்ளைகளுக்கு ஏதாவது விட்டாக வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் அவளை மறந்துபோய் விட்டுவிட்டார் என்று பிறகு யாரும் வழக்குப் போடக் கூடாதென்று, பெயரைச் சொல்லி ஒரு ஷில்லிங் எழுதுவது அன்றைய வழக்கம்.

பிரதிகளை மாமியிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார். வம்சவரைபடத்தில் அந்தப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் 'ஒதுக்கப்பட்டவள்' என்று பென்சிலால் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, '1750, 150 பவுண்' என்று எழுதினார்.