செப்டம்பர் 22க்குக் காத்திருக்கிறேன்: மேடிசன், விஸ்கான்சின், 2004

ஆகஸ்ட் 30, திங்கள்

ஏதென்ஸ் ஒலிம்பிக் நேற்றோடு முடிந்தது. ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் நடுவே என்பிசி தொலைக்காட்சி தன் புதிய தொடர்களை ஓயாமல் விளம்பரப்படுத்தியதில், எது எந்தக் கிழமை என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆனால் நான் காத்திருப்பது போட்டி நிறுவனமான ஏபிசியின் 'லாஸ்ட்' தொடருக்குத்தான்: செப்டம்பர் 22, புதன்கிழமை, இரவு ஏழு மணி, எங்கள் ஊரில் 27ஆம் சேனல்.

செப்டம்பர் 2, வியாழன்

மருத்துவர் ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை. பிள்ளை பிறக்கும்வரை இடது பக்கம், படுக்கை, பொறுமை.

செப்டம்பர் 8, புதன்

டிவி கைடின் புதிய பருவச் சிறப்பிதழை இவர் வாங்கிவந்தார். கைக்கு அடக்கமான அந்தச் சிறு இதழ் 1953இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் இதே காலத்தில் வருகிறது. முதலில் வார அட்டவணையைப் பிரித்துவைத்து, பார்க்க வேண்டியவற்றைப் பென்சிலால் கோடிட்டேன். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒவ்வொரு நாளின் இரவுக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. பகலுக்குத்தான் எதுவும் இல்லை.

செப்டம்பர் 9, வியாழன்

'ஜோயி' இன்று தொடங்கியது. மே 6ஆம் தேதி ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் பார்க்க 'ஃப்ரெண்ட்ஸ்' விடைபெற்ற அதே வியாழக்கிழமை நேரத்தில், அதிலிருந்த ஆறு பேரில் ஒருவரை மட்டும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடியேற்றியிருக்கிறார்கள். அந்த நடிகரை எனக்குப் பிடிக்கும். ஆயினும் பேசுவதற்கு ஆளில்லாத வீட்டில் அவர் நிற்பதுபோல் இருந்தது. பாதியில் உறங்கிவிட்டேன்.

செப்டம்பர் 11, சனி

நான் இந்த நாட்டுக்கு வந்தது 2001 ஆகஸ்டில். வந்த சில வாரங்களிலேயே, இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை. புதிய தொடர்கள் பெரும்பாலும் ஒரு வாரம் தள்ளிப்போயின. தொலைக்காட்சித் தொடர்களுக்கான எம்மி விருது விழா இருமுறை ஒத்திவைக்கப்பட்டு நவம்பர் 4ஆம் தேதிதான் நடந்தது. நாள் முழுவதும் செய்தி மட்டுமே ஓடிக்கொண்டிருந்த பெட்டியில், ஒருநாள் இரவு திடீரென்று ஒரு நகைச்சுவைத் தொடரின் தொடக்க இசை கேட்டபோது நான் அழுதேன். அதன் கதையும் புரியவில்லை, பாதி ஆங்கிலமும் புரியவில்லை. சொன்ன நேரத்தில் ஒன்று மீண்டும் வந்துவிட்டது என்பதே போதுமாக இருந்தது. இந்தப் பழக்கம் எனக்கு அன்றுதான் தொற்றிக்கொண்டது.

செப்டம்பர் 12, ஞாயிறு

அம்மாவின் விசா நேர்காணலுக்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை.

செப்டம்பர் 15, புதன்

ஏன் செப்டம்பர் என்று அம்மா தொலைபேசியில் கேட்டாள். அவள் பார்க்கும் 'மெட்டி ஒலி'க்குப் பருவமும் கிடையாது, இடைவேளையும் கிடையாது. வார நாள் என்றால் அது வந்துவிடும். "அப்புறம் கோடை முழுக்க இவங்க என்னடி பண்ணுவாங்க?" என்றாள். பழைய பகுதிகளையே திரும்பப் போடுவார்கள் என்றேன். அவளால் நம்ப முடியவில்லை.

கோடையில் பகல் நீளம், மக்கள் வெளியே போய்விடுவார்கள். பொழுது சுருங்கத் தொடங்கியதும்தான் வீட்டுக்குள் திரும்புவார்கள். கார் நிறுவனங்கள் புதிய மாதிரிகளை இலையுதிர்காலத்தில் வெளியிட்டு வந்ததால், அவற்றின் விளம்பரப் பணமும் இந்தப் பருவத்தை நோக்கியே பாய்ந்தது. மே மாதத்தில் ஒளிபரப்பு நிறுவனங்கள் நியூயார்க்கில் விளம்பரதாரர்களைக் கூட்டி வைத்து வரும் ஆண்டின் அட்டவணையை அறிவிக்கும். காட்டப்போகும் நேரத்தில் பெரும்பகுதி அப்போதே விற்றுப்போகும். இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒரு புதிய தொடருக்கு முதலில் பெரும்பாலும் 13 பகுதிகளுக்குத்தான் ஒப்புதல் கொடுப்பார்கள். பார்ப்பவர்கள் போதுமான அளவு இருந்தால் மேலும் 9 சேர்த்து, 22 பகுதிகளாக மே மாதம் வரை கொண்டுபோவார்கள். போதவில்லை என்றால் எடுத்து முடித்த பகுதிகளைக்கூடக் காட்டாமல், மூன்றாம் வாரமே நிறுத்திவிடுவார்கள். மூன்று வாரம் ஒருவர் முகத்தைப் பழகிவிட்டு, நான்காம் வாரம் அதே நேரத்தில் வேறெதையோ பார்ப்பது எத்தனை கொடுமை என்பதை நான் அறிவேன். தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான முழக்கம்தான். எது மே மாதம் வரை தாங்கும் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

செப்டம்பர் 17, வெள்ளி

இரவு முழுக்க அசைவைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். அதிகாலை நான்கு மணிக்குப் பிறகுதான் மனம் அடங்கியது.

செப்டம்பர் 20, திங்கள்

நேற்று எம்மி விருதில் சிறந்த நகைச்சுவைத் தொடராக 'அரெஸ்டட் டெவலப்மென்ட்' தேர்வானதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. பார்ப்பவர்கள் குறைவு என்ற ஒரே காரணத்தால் எந்நேரமும் கழுத்தில் கத்தி தொங்கும் தொடர் அது. விருது பெற்றாலும் அதன் புதிய பகுதிகள் நவம்பரில்தான். ஃபாக்ஸ் நிறுவனம் அக்டோபர் மாதத்தைப் பேஸ்பால் இறுதிச்சுற்றுகளுக்கு ஒதுக்கிவிடுகிறது. மருத்துவமனை பற்றிய அவர்களுடைய புதிய தொடரும் நவம்பர் 16 வரை காத்திருக்க வேண்டும். நவம்பர் 16 என்று நாட்காட்டியில் எழுதப் போனேன். அந்தப் பக்கத்தைத் திருப்ப மனம் வராமல் அட்டவணையின் ஓரத்திலேயே எழுதினேன்.

செப்டம்பர் 21, செவ்வாய்

நாளை 'லாஸ்ட்'. விமானம் நொறுங்கித் தீவில் சிக்கிக்கொண்டவர்களின் கதை. படிக்கப் படிக்கக் கவலை கூடுகிறது. முதற்கதைக்கு மட்டும் ஒரு கோடி டாலருக்கு மேல் செலவாகியிருக்கிறது என்கிறார்கள். பணியிலிருந்து விலக்கப்பட்ட ஒரு லாக்ஹீட் எல்-1011 விமானத்தைத் துண்டுகளாக ஹவாயின் ஓவாஹு தீவுக்குக் கொண்டுபோய்க் கடற்கரையில் பரப்பிவைத்துப் படமெடுத்திருக்கிறார்கள். இதற்கு ஒப்புதல் அளித்த ஏபிசி பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவர் லாயிட் பிரான், தொடர் வெளிவரும் முன்பே பதவியை இழந்துவிட்டார். நான்கு பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களில் சென்ற ஆண்டு கடைசி இடம் ஏபிசிக்கு. கடைசியில் இருப்பவர்கள்தான் இப்படித் துணிவார்கள். பொறுமை இழப்பதிலும் அவர்களே முந்துவார்கள். ஒரே தீவில் சிக்கிக்கொண்ட மனிதர்களை வைத்து எத்தனை வாரம் கதை சொல்ல முடியும் என்று இவர் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் நகர முடியாமல் ஓரிடத்தில் கிடப்பவர்களுக்குச் சொல்லிக்கொள்ளக் கதையே இராது என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

நவீன் ஆண்ட்ரூஸும் நடிக்கிறார். லண்டனில் பிறந்தவர், பெற்றோர் கேரளத்தவர். ஈராக்கியர் வேடமாம். இந்த ஆண்டில், இந்த நாட்டில், ஈராக்கியர் ஒருவரை வில்லனாக அல்லாமல் காட்டப்போகிறார்கள் என்றால் அதற்காகவே நான் பார்ப்பேன்.

செப்டம்பர் 22, புதன்

ஏழு மணிக்குச் சரியாக இருட்டிவிட்டது. இவர் மெத்தையை முன்னறைக்கு இழுத்துப் போட்டார். மூங்கில் காட்டில் ஒரு கண் திறக்கிறது. அடுத்த ஒரு மணி நேரம் நான் எதையும் எண்ணவில்லை, எதையும் கவனித்துக்கொண்டிருக்கவும் இல்லை. கதையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருக்கிறாள் என்பதை எவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அவள் மணலில் கிடந்து கத்தியபோது இவர் ரிமோட்டை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மற்ற பாதி அடுத்த புதன்.

செப்டம்பர் 24, வெள்ளி

ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்கிறார்கள்! இரண்டுமுறை இவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

செப்டம்பர் 28, செவ்வாய்

எடை கூடியிருக்கிறது, நல்லபடியாக. அம்மாவுக்கு அக்டோபரில் நேர்காணல்.

அக்டோபர் 4, திங்கள்

ஞாயிறு இரவும் ஏபிசிக்கே. 'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' நன்றாகத்தான் இருந்தது; இறந்துபோன பெண்ணொருத்தி தன் தெருவாரின் கதையைச் சொல்கிறாள். ஆனால் அந்தக் குரலை இப்போது கேட்டுக்கொண்டிருக்க என்னால் இயலவில்லை. மே மாதத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 13, புதன்

'லாஸ்ட்' தொடரின் இன்றைய பகுதியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். காட்டுப்பன்றி வேட்டைக்குக் கத்தியோடு புறப்படும் லாக் என்ற அந்த மனிதர், விபத்துக்கு முன் சக்கர நாற்காலியில் இருந்தவர். மூன்று வாரமாக அவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அதிசயம் கண்ணெதிரே நடந்தும் நமக்குத் தெரியவில்லை. கடைசி நிமிடத்தில் அவர் தன் கால்விரலை அசைத்துப் பார்க்கிறார். இந்த ஒரு கணத்துக்காக நான்கு வாரம் பொறுத்த எழுத்தாளர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டியிருந்தால் இந்த உணர்ச்சி கிடைத்திராது. வாரத்துக்கு ஒன்று என்ற முறைக்குத்தான் அதில் பாதிப் பெருமை.

எட்டு மணிக்கு அதிபர் வேட்பாளர்களின் மூன்றாவது விவாதம். இவர் மட்டும் பார்த்தார்.

அக்டோபர் 19, செவ்வாய்

அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது. டிக்கெட் நவம்பர் 12க்குத்தான். அதற்குள் ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும்.

அக்டோபர் 28, வியாழன்

பாஸ்டன் அணி நான்கே ஆட்டங்களில் நேற்று பேஸ்பாலின் இறுதிச்சுற்றான உலகத் தொடரை வென்றுவிட்டது. 1918க்குப் பிறகு இப்போதுதானாம். ஆட்டம் ஏழுக்கு இழுக்கவில்லை என்பதே என் நிம்மதி. ஃபாக்ஸ் சொன்ன தேதியில் தொடங்கலாம்.

நவம்பர் 2, செவ்வாய்

எல்லாச் சேனலிலும் தேர்தல். கால் வீக்கம். நாளைக்குப் பரிசோதனை.

நவம்பர் 3, புதன்

யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்திடமிருந்து ஓர் உறை வந்திருந்தது. உள்ளே சில டாலர் நோட்டுகளும், ஒரு வாரம் எதையெல்லாம் பார்த்தோம் என்று கால்மணிக் கணக்கில் குறிக்க ஒரு சிறு புத்தகமும். எங்கள் ஊரைப் போன்ற சிறிய ஊர்களில் நவம்பர் மாதக் கணக்கெடுப்பு இப்படித்தான் நடக்கிறது. உள்ளூர் விளம்பரக் கட்டணங்கள் இந்தக் கையெழுத்துகளை வைத்தே முடிவாகின்றன. இத்தனை ஆண்டும் யாரோ எழுதியதை வைத்து எனக்குப் பிடித்த தொடர்கள் வாழ்ந்தன, செத்தன. இம்முறை பேனா என் கையில்.

கணக்கு நாளை வியாழன் தொடங்கி அடுத்த புதனன்று முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை 'அரெஸ்டட் டெவலப்மென்ட்' திரும்பி வருகிறது, அதை எழுதுவேன். புதன் ஏழு மணிக்கு 27ஆம் சேனல். அதையும் என் கையாலேயே எழுத வேண்டும். இன்றைய பரிசோதனையில் எந்நேரமும் மருத்துவமனைக்கு வரச் சொல்லலாம் என்றார்கள். பை கட்டியாகிவிட்டது. நீல்சன் புத்தகத்தை அதில் வைப்பதா, வேண்டாமா என்று இவரைக் கேட்டேன். வீட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்குத்தான் கணக்கு என்று முதல் பக்கத்தைக் காட்டினார். அடுத்த புதன் இரவு எட்டு மணி வரை நான் வீட்டில் இருக்க வேண்டும்.